மாதம் பிறந்தால் வாடகை… மிச்சம் எவ்வளவு?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) ஞாயிற்றுக்கிழமை காலை எந்த அடுக்குமாடி விற்பனை அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஜில்லென்று ஏசி, பேப்பர் கப்பில் காபி, மேஜைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கட்டடம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் கேள்வி வரும்: "குடியிருக்கவா சார், இன்வெஸ்ட்மென்டா?" இன்வெஸ்ட்மென்ட் என்று சொல்லிவிட்டால் கால்குலேட்டர் வெளியே வந்துவிடும். "ஐ.டி. கம்பெனி எல்லாம் பத்து நிமிஷ தூரம் சார். சாவி குடுத்த மறுமாசமே ஆள் வந்துருவாங்க. பாதி இ.எம்.ஐ-யைக் குடியிருக்கிறவங்களே கட்டிருவாங்க."

அந்தக் கால்குலேட்டர் சொல்வது பொய் இல்லை. அதில் அடிக்காமல் விட்ட எண்கள்தான் நிறைய.

முதலில் ஒரு பழைய எண். 1960-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று உண்டு. மனையின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும் கூட்டி, அதில் ஆண்டுக்கு 9 சதவீதம் குடியிருப்புக்கு, 12 சதவீதம் மற்றவற்றுக்கு என்று வாடகையை நிர்ணயிப்பார்கள். வீட்டுக்காரர்கள் அந்தச் சட்டத்தைத் திட்டாத நாள் இல்லை. திருவல்லிக்கேணியிலும் பாரிமுனையிலும் நூறு இருநூறு ரூபாய் வாடகையில் தலைமுறை தாண்டிக் குடியிருந்தவர்களை அசைக்க முடியாமல் கோர்ட் படி ஏறி இறங்கியவர்கள் பலர். ஆனால், அவர்கள் திட்டித் தீர்த்த சட்டம் 'நியாயம்' என்று சொன்ன அந்த 9 சதவீதத்தை இன்று எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சந்தையில் ஓ.எம்.ஆர். அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். மூன்று தேறினால் அதிர்ஷ்டம்.

80 லட்சத்தின் கதை

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு படுக்கையறை வீடு. பத்திரச் செலவு, கார் பார்க்கிங், கபோர்டு, மின்விசிறி வரை எல்லாம் சேர்த்து 80 லட்சம் ரூபாய். வாடகை 22,000. ஆண்டுக்கு 2,64,000. சதவீதத்தில் 3.3. விற்பனையாளரின் கணக்கு இங்கே முடிந்துவிடும். நம்முடையது இங்கேதான் ஆரம்பம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார், ஒரு மாதம் பூட்டிக் கிடக்கிறது என்று வைத்தால், வருடத்துக்கு 11,000 போச்சு. ஆள் மாறும்போது பெயின்ட் அடிக்க 35,000. வருடத்துக்குப் பாதி என்றால் 17,500. சொத்து வரி, குடிநீர் வரி இரண்டுக்கும் 6,000. மோட்டார், கீசர், கசியும் குழாய், கதவுத் தாழ்ப்பாள் என்று சில்லறைச் செலவு 10,000. மிச்சம் 2,19,500. கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் வாங்கி, உரிமையாளர் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால், வாடகையில் 30 சதவீத நிலைக்கழிவு போகவும் சுமார் 54,000 வருமான வரி. கடைசியில் கையில் நிற்பது 1,65,500. முதலில் பாதி சதவீதம் காணாமல் போனது, பிறகு வரி. 80 லட்சத்துக்கு இரண்டு சதவீதம் சொச்சம்!

வருமான வரித் துறை தரும் அந்த 30 சதவீதக் கழிவைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெயின்ட், புரோக்கர், பிளம்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. நீங்கள் ஒரு ரூபாய் செலவழிக்காவிட்டாலும் 30 சதவீதம் கிடைக்கும். லட்ச ரூபாய் செலவழித்து ரசீதை நீட்டினாலும் அதே 30 சதவீதம்தான்.

கடன் வாங்கி வாங்கியவருக்குக் கதை வேறு. 60 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 52,000. வாடகை 22,000. மீதி 30,000-ஐ மாதாமாதம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். முதல் வருடம் வட்டி மட்டுமே ஐந்து லட்சத்தைத் தொடும். 'வட்டியெல்லாம் வரியில கழிஞ்சுரும்' என்று நண்பர் சொல்லியிருப்பார். பழைய வரி முறையில், வாடகையைத் தாண்டிய வட்டி நஷ்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் சம்பள வருமானத்தோடு ஈடுகட்டலாம். புதிய வரி முறைக்கு மாறியவருக்கு அந்த 2 லட்சமும் கிடையாது.

அம்மாக்கள் போட்ட கணக்கு

அப்படியானால் 'மாடியில ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடு, காலத்துக்கும் சோறு போடும்' என்று முந்தைய தலைமுறை சொன்னது தப்பா? இல்லை. அவர்கள் கணக்கில் மனைக்கு விலை கிடையாது. ஏற்கெனவே இருக்கும் சொந்த வீட்டின்மேல் 1,000 சதுர அடி எழுப்புகிறீர்கள். சதுர அடிக்கு 2,500 ரூபாய் வைத்தால் 25 லட்சம். மாத வாடகை 15,000 வந்தால் ஆண்டுக்கு 7.2 சதவீதம். பழைய சட்டத்தின் 9-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள். குடியிருப்பவர் தருவது கட்டடத்துக்கும் வசதிக்குமான கூலி. மனை சதுர அடி ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் ஆனதற்கான விலையை அவர் தலையில் கட்ட முடியாது. அந்தப் பணம் விற்கும் நாளில் வந்தால்தான் உண்டு.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் இருந்தது. வீட்டுக்காரர் கீழ்வீட்டில் இருந்தார். மோட்டாரை அவரே போட்டார், தொட்டி நிரம்பி வழிந்தால் அவரே கத்தினார். 'தம்பி, ரெண்டாம் தேதி ஆச்சே' என்று படிக்கட்டில் வைத்துக் கேட்க அவரால் முடிந்தது. குடித்தனக்காரருக்கு எரிச்சல்தான், ஆனால் ஒழுகும் குழாய் ஒரே நாளில் சரியாயிற்று. இன்றைய முதலீட்டாளர் பெங்களூருவில் இருக்கிறார், இல்லாவிட்டால் டல்லாஸில். கீழ்வீட்டுக்காரர் சம்பளமில்லாமல் பார்த்த வேலையை யாராவது பார்த்தாக வேண்டும். அந்தச் சம்பளமும் இரண்டு சதவீதத்துக்குள்ளிருந்துதான் போக வேண்டும்.

ஆடியில் யார் வருவார்?

வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களைத் தமிழ்நாட்டில் பஞ்சாங்கமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளின் அட்மிஷனை ஒட்டிக் குடும்பங்கள் இடம் மாறும். டூலெட் போர்டு மாட்டிய வாரத்திலேயே ஆள் வருவார்கள். ஆனி கடைசியில் காலியானால் ஆடி முழுக்கப் போர்டு வெயிலில் காயும். ஆவணி பிறந்துதான் பால் காய்ச்சுவார்கள். மார்கழியிலும் இதே கதைதான், தை பிறக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் மாதத்தைப் பங்குனி, சித்திரையை ஒட்டி வரும்படி அமைத்துக்கொள்வது பைசா செலவில்லாத ஏற்பாடு. செய்பவர்கள் குறைவு.

பஞ்சாங்கமாவது இரண்டு மாதம்தான் தடுக்கிறது. வீட்டுக்காரர்களே போடும் தடைகள் வருடம் முழுக்க நிற்கின்றன. 'வெஜிடேரியன் மட்டும்', 'பேச்சிலர்ஸ் கிடையாது', பெயரைக் கேட்டவுடன் 'இப்பதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்' என்ற பொய், தனியாக வாழும் பெண்ணிடம் நாலு கேள்வி. இதிலுள்ள அநியாயத்தைத் தனியாகவே எழுத வேண்டும். வெறும் வரவு செலவாகப் பார்த்தாலும் முட்டாள்தனம். 22,000 ரூபாய் வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால், வாடகையில் 1,800 ரூபாயைக் குறைத்து வருடம் முழுக்க விட்டதற்குச் சமம். நல்ல வேலையில், ஒழுங்காகப் பணம் போடுகிற ஆளைச் மீன் குழம்பு வாசனைக்காகத் திருப்பி அனுப்புகிற வீட்டுக்காரர், வட்டிக் கணக்கில் மட்டும் எப்படி அத்தனை கறாராக இருக்கிறாரோ!

அதே மாதிரி, மூன்று வருடமாக ஐந்தாம் தேதிக்குள் பணம் போடும் குடும்பத்திடம் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டு அவர்களைக் கிளப்பிவிடுவதும். கிடைப்பது வருடத்துக்கு 24,000. காலி மாதமும் பெயின்டும் தின்பது 57,000.

காலி செய்யும் நாள்

வாடகைத் தொழிலின் எல்லாச் சிக்கலையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் போக வேண்டும். கீழே டாடா ஏஸ் நிற்கிறது. பீரோ இறங்கிவிட்டது, வாஷிங் மெஷின் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறார். ஹால் சுவரில் குழந்தை வரைந்த ஊதா நிற ரயில். சமையலறை டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்ரூமில் ஹெல்த் பாசெட்டுக்குப் பதில் ஒரு முடிச்சுப் போட்ட துணி. டிவி இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

"தம்பி, வரும்போது வீடு எப்படி இருந்துச்சு?"

"அந்த ஓதம் வரும்போதே இருந்துச்சு சார். சொன்னேனே, நீங்க பாக்கறேன்னீங்க."

"புது பெயின்ட் அடிச்சுத்தான் குடுத்தேன்ப்பா."

"ஒரு கோட்டு அடிச்சிருந்தீங்க சார்."

வீட்டுக்காரரின் மனைவி உள்ளே ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் போட்டுப் பார்க்கிறார். கடைசியில் வருகிறது அந்த வாக்கியம்: "வழக்கமா ஒரு மாச வாடகை பெயின்டிங்குக்குக் கழிச்சுக்குவோம்."

வழக்கம் சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1960 சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த நில உரிமையாளர், குத்தகையாளர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், கழிவறை, வாஷ்பேசின், கீசர் பழுது, ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வாஷர் வரைக்கும் யோசித்து எழுதிய சட்டம்! அட்டவணைப்படி பார்த்தால் நம் காட்சியில் பெயின்ட் செலவு வீட்டுக்காரருடையது, பாசெட் செலவு தம்பியுடையது. ஊதா ரயிலைப் பற்றி இருவரும் பேசித்தான் முடிக்க வேண்டும்.

ஓதம் முன்பே இருந்ததா என்பதற்குச் சாட்சி யார்? சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ, இ.பி. மீட்டர் ரீடிங்கின் படம், எத்தனை ஃபேன், எத்தனை லைட், எத்தனை சாவி என்று ஒரு தாள், அதில் இரண்டு கையெழுத்து. அரை மணி நேர வேலை. பால் காய்ச்சும் உற்சாகத்தில் இதைச் செய்யக் கூச்சப்படுகிறோம். காலி செய்யும் நாளில் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

அட்வான்ஸ் யார் பணம்?

சென்னை நெடுங்காலம் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட ஊர். புதிய சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் 'இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர' என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியே ஐந்து மாதமும் ஆறு மாதமும் இன்னும் உள்ளே வருகின்றன.

சிக்கல் வாங்குவதில் இல்லை. வாங்கிய பணம் அந்த வாரமே கபோர்டு வேலைக்கோ, மகளின் காலேஜ் ஃபீஸுக்கோ போய்விடுகிறது. காலி செய்பவருக்குத் திருப்பித் தர, அடுத்து வருபவரின் அட்வான்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். 'ஆள் வந்ததும் ஜிபே பண்ணிடறேன் தம்பி' என்பது சென்னையின் பொது வசனம். இடையில் ஆடி வந்துவிட்டால் முடிந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். அட்வான்ஸைத் தனியாக ஒரு வைப்புநிதியில் போட்டுவிட்டு மறந்துவிடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டியும் கிடைக்கிறது, குடித்தனக்காரரிடம் நல்ல பெயரும் கிடைக்கிறது.

பதினோரு மாத நம்பிக்கை

வாடகை ஒப்பந்தம் ஏன் பதினோரு மாதம் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஸ்டாம்ப் பேப்பர் விற்பவர் அப்படித்தான் டைப் அடித்துத் தருகிறார். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்கிற 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கத் தோன்றிய வழக்கம் அது. 2019-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தத் தந்திரம் பாதிதான் பலிக்கும். எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இருந்தும் ஸ்டாம்ப் பேப்பரோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் ஏராளம். வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்ற பயம் சிலருக்கு, 'நம்ம பையன்தானே' என்ற நம்பிக்கை சிலருக்கு.

நம்ம பையன் மூன்று மாதம் வாடகை தராமல் போனை எடுக்காதபோதுதான் எண் ஞாபகம் வரும். இரண்டு மாத பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், வேறு காரியத்துக்குப் பயன்படுத்துதல் போன்ற காரணங்களுக்காக வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டை வாடகையும், அதற்குப் பிறகு நான்கு மடங்கும் இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆத்திரத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, சாவியை மாற்றுவது ஆகியவற்றில் இறங்கினால் நியாயம் கைமாறிவிடும். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை இதே சட்டம் தடுக்கிறது. வீட்டைப் பார்க்க வேண்டுமென்றாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். 'என் வீடு, நான் எப்ப வேணா வருவேன்' என்பது பழைய கதை.

மின்சாரத்தில் நடக்கும் சண்டையையும் சொல்ல வேண்டும். நாலு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப் மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தரும் மாநிலத்தில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இணைப்பு இருந்தால் கிடைத்திருக்கும் சலுகை இங்கே கரைந்துபோகிறது. சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது. தனி இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டால் மாதாந்திரச் சண்டை ஒன்று ஒழிந்தது.

தண்ணி வந்துச்சா, வருமா?

சென்னையில் வீடு பார்க்க வருபவர் இரண்டு கேள்வி கேட்பார். "2015-ல உள்ள தண்ணி வந்துச்சா?" "கோடையில தண்ணி வருமா?" வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கத்துத் தரைத்தளங்கள் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அங்கே தரைத்தளத்தை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர் பேப்பரில் வரும் விலையைவிட பக்கத்துக் கடைக்காரர் சுவரில் காட்டும் வெள்ளக் கோட்டை நம்பலாம். 2019 கோடையில் ஓ.எம்.ஆர். முழுக்க டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தது, 2020-ல் ஐ.டி. ஊழியர்கள் லேப்டாப்போடு ஊருக்குப் போய்விட, அதே சாலையில் டூலெட் போர்டுகள் தொங்கின. ஒரே தொழிலை நம்பிய சாலையில் வீடு வாங்கினால், அந்தத் தொழிலுக்குக் காய்ச்சல் வரும்போது உங்களுக்கும் தும்மல் வரும்.

டல்லாஸில் உரிமையாளர், குரோம்பேட்டையில் மாமா

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களின் வீடுகளில் பெரும்பாலும் வாடகை வசூல் மாமாவின் பொறுப்பு. பவர் ஆஃப் அட்டர்னி அவர் பெயரில், பணம் உரிமையாளரின் கணக்கில். இங்கே ஒளிந்திருக்கும் கண்ணிவெடி டி.டி.எஸ்., அதாவது வாடகையைக் கொடுப்பவரே பிடித்துக் கட்ட வேண்டிய வரி. உள்நாட்டு உரிமையாளருக்கு மாதம் 50,000-க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் தனிநபர் வரி பிடிக்க வேண்டும். விகிதம் 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். உரிமையாளர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 50,000 வரம்பே கிடையாது. 15,000 ரூபாய் வாடகையிலும் 30 சதவீதமும் செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியவர் குடித்தனக்காரர். அவருக்கு இது தெரியாது, புரோக்கர் சொல்லமாட்டார், மாமாவும் கேட்டிருக்கமாட்டார். நோட்டீஸ் வருவது மட்டும் வாடகை கொடுத்தவருக்கு. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே உரிமையாளரின் வசிப்பு நிலையை எழுதச் சொல்லிக் கேட்கும் குடித்தனக்காரரை யாரும் 'ஓவரா பேசறான்' என்று நினைக்க வேண்டாம்.

கட்டடத்துக்கு வயதாகும்போது

புதுக் கட்டடத்தில் முதல் ஏழெட்டு வருடம் சுகம். பிறகு லிஃப்ட் அடிக்கடி நிற்கும், கழிவுநீர்க் குழாய் அடைக்கும், வெளிச்சுவரில் பாசி படியும். சங்கக் கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு இத்தனை என்று தலைவர் அறிவிப்பார். மாதப் பராமரிப்பைக் குடித்தனக்காரர் தருவார். லிஃப்ட் மாற்றவும் மொத்தக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கவும் உரிமையாளர்தான் தர வேண்டும். பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் 'வாடகைக்குத்தானே விட்டிருக்கேன், எனக்கு எதுக்கு ஜிம்?' என்று ஒருவர் கேட்பார். தீர்மானம் தள்ளிப்போகும், கட்டடம் இன்னும் கொஞ்சம் கறுக்கும். பக்கத்தில் புதிதாக எழும்பிய கட்டடத்தில் அதே வாடகைக்கு நீச்சல் குளம் கிடைக்கும்போது நம் வீட்டு வாடகை நின்ற இடத்திலேயே நிற்கும்.

விற்கலாம் என்றால், 2024 ஜூலை 23-க்குப் பிறகு நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய உள்நாட்டுவாசிகள் மட்டும் பழைய 20 சதவீத முறையோடு ஒப்பிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். முப்பது வருடப் பழைய கட்டடத்தை வாங்குபவர் சுவரைப் பார்ப்பதில்லை, யு.டி.எஸ். எத்தனை என்று கேட்கிறார். அடுக்குமாடியில் உங்களுக்கென்று எழுதப்பட்ட பிரிபடாத மனைப் பங்குதான் அது. 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும் வேலையைத் தொடங்கலாம். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலே எல்லாம் நின்றது. அப்போது பில்டரிடம் பேரம் நடப்பதும் அதே யு.டி.எஸ்-ஐ வைத்துத்தான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 300 சதுர அடி மனைப் பங்கும் இருக்கலாம், 600-ம் இருக்கலாம். உயரமான கோபுரங்களில் குறையும், மூன்று மாடிப் பழைய கட்டடங்களில் கூடும். வாடகை எவ்வளவு வரும் என்று விசாரிக்கும் முன்பு, விற்பனைப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியை ஒருமுறை புரட்டி அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.